வானம் தோற்ற வழக்கு

ஓர் அடுப்பைப் பற்றிய வழக்கு அது. மணிமுடிக்காக எழுந்த வழக்கன்று. மண்ணெல்லைக்காக மூண்ட வழக்குமன்று. களிமண் அடுப்பு ஒன்றை வளையம் வளையமாக அறுத்து, வளையத்துக்கு வளையம் மணலிட்டு மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். அவ்வாறு அடுக்கிய அடுப்பு தீட்டுப்படுமா, படாதா? இதுவே கேள்வி. இதற்காகவா அறிஞர் கூடினர், இதற்காகவா அவையில் வாதிட்டனர் என்று நகைக்கத் தோன்றும். எனக்கும் முதலில் நகைக்கத்தான் தோன்றிற்று. தீட்டு என்ற சொல் கண்ணில் பட்டதும் ஏட்டை மூடிவிடத் துடிப்பது நம் கை. மூடாமல் படித்தேன். ஏனெனில் அந்த வழக்கிலே தோற்றவர் கடவுள்!

காலத்தையும் களத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் கோயிலைத் தீக்கிரையாக்கிற்று. கோயில் போயிற்று, பலிபீடம் போயிற்று, பலிபீடத்தை நம்பி வாழ்ந்த குருக்களின் செல்வாக்கும் போயிற்று. யூத மக்களிடம் எஞ்சியது ஒரு நூல். அந்த நூலை ஓதவும் உரைக்கவும் விவாதிக்கவும் தெரிந்த ஆசிரியர்கள் கடற்கரையை அடுத்த யவ்னே என்னும் ஊரிலே கூடினர். ரபி என்று அவர்களை அழைத்தனர். குருக்களாகப் பிறக்க வேண்டும். ரபியாகவோ கற்றால் போதும். இந்த வேறுபாடு சிறிதன்று.

அந்தத் தலைமுறையின் பேரறிஞர் எலியேசர். அடுப்பு தீட்டுப்படாது, தூயது என்றார் அவர். தீட்டுப்படும் என்றனர் மற்றவர் அனைவரும். எலியேசர் தம்மிடமிருந்த வாதங்களையெல்லாம் அடுக்கினார். அவை ஏற்கவில்லை. வாதம் தீர்ந்த இடத்திலே அற்புதம் தொடங்குகிறது. தாம் சொல்வது சரியெனில் அந்தக் கரோபு மரம் மெய்ப்பிக்கட்டும் என்றார். மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளி நின்றது! மரத்தைக் கொண்டு மெய்ப்பிக்க முடியாது என்றனர் அறிஞர். ஓடை பின்னோக்கி ஓடிற்று! ஓடையும் சான்றாகாது என்றனர். பள்ளியின் சுவர்கள் சாயத் தொடங்கின. அப்போது யோசுவா என்னும் ரபி எழுந்து, அறிஞர் வாதிடும்போது சுவர்களுக்கு இங்கு என்ன வேலை என்று கடிந்துகொண்டார். யோசுவாவின் மதிப்புக்காகச் சுவர்கள் விழவில்லை. எலியேசரின் மதிப்புக்காக நிமிரவும் இல்லை. இறுதியில் விண்ணிலிருந்து குரலே வந்துவிட்டது: எங்கும் எலியேசரின் தீர்ப்பே சட்டமாயிருக்க, அவரோடு ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று.

வேறெந்தச் சமயக் கதையானாலும் இங்கே அனைவரும் முகங்குப்புற விழுந்து வணங்கியிருப்பார்கள். யோசுவா எழுந்து நின்றார். சட்டம் விண்ணிலே இல்லை என்று மறையின் வாசகத்தையே எடுத்து வீசினார். நூல் சீனாய் மலையிலே வழங்கப்பட்டு முடிந்தது. வழங்கியவர் இனி வந்து பொருள் சொல்ல உரிமையில்லை. பொருளைத் தீர்மானிப்பது அவையின் பெரும்பான்மை என்று எரேமியா என்னும் பிற்கால ரபி இதற்கு விளக்கம் தருகிறார். அப்போது கடவுள் என்ன செய்தார் எனப் பின்னொரு நாள் நாத்தான் என்னும் ரபி எலியா தீர்க்கரைக் கண்டு கேட்டாராம். கடவுள் சிரித்தார், பிள்ளைகள் தம்மை வென்றுவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார் என்பது கிடைத்த விடை.

இது எந்தக் கலகக்காரன் எழுதிய நையாண்டியும் அன்று. பாபிலோனிய தால்முத் என்னும் பெருநூலிலே, பாபா மெட்சியா என்ற பகுதியிலே, பக்தியோடு படிக்கப்படும் கதை.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பெரும்பான்மையின் பக்கம் சாயவேண்டும் என்பதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரத்தில் உள்ளது. அந்த வாசகத்தை முழுமையாகப் படித்தால், தீமை செய்யப் பலர் பின்னே போகாதே, நீதி பிறழப் பலர் பக்கம் சாயாதே என்ற எச்சரிக்கையே நேரடிப் பொருளாகத் தெரிகிறது. அதிலிருந்து கடைசிச் சொற்களை மட்டும் அறுத்தெடுத்து, பெரும்பான்மையின் பக்கம் சாய் என்று படித்துவிட்டார்கள்! அடுப்பை அறுத்து அடுக்கியது போலவே வாசகத்தையும் அறுத்து அடுக்கினர். எழுதியவர் கருத்து எதுவாயினும், படிப்பவர் கையிலே நூல் வேறாகிறது என்பதற்கு இதைவிடத் துணிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

இந்தத் துணிவு ஒருநாள் எழுந்து மறுநாள் அடங்கியதன்று; ஒரு முறையாகவே வளர்ந்தது. கி.பி. 200 அளவிலே தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, வென்ற கருத்தோடு தோற்ற கருத்தையும் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. தோற்றதை ஏன் எழுதி வைக்க வேண்டும் என்று அந்நூலே கேட்டுக்கொண்டு, நாளை வேறோர் அவைக்கு அதுவே பிடிமானம் ஆகலாம் என்று விடையும் தருகிறது. இல்லேல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் மூன்றாண்டு வாதிட்டனவாம். இரண்டும் வாழும் கடவுளின் சொற்களே என்று விண்குரல் கூறிற்றாம். ஆயினும் சட்டம் இல்லேல் பக்கம் என்றதாம். காரணம்? எதிரியின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகே தம் கருத்தைச் சொல்லும் பண்பு அவர்களிடம் இருந்ததாம். இங்கே விண்குரல் செல்லுபடியாகிறதே, அடுப்பு வழக்கில் மட்டும் ஏன் செல்லவில்லை என்று கேட்கிறீர்களா? பிற்கால உரையாசிரியர்களும் அதைக் கேட்டார்கள். பல விடைகள் தந்தார்கள். அந்த விடைகளும் பதிவாகியுள்ளன.

தால்முதின் ஓர் ஏட்டைக் கண்டால் இது கண்ணுக்கே விளங்கும். நம் உரைநூல்களிலே மூலம் மேலே, உரை கீழே. அங்கோ மூலம் நடுவே. ஒருபுறம் 11ஆம் நூற்றாண்டின் ராஷி உரை. மறுபுறம் அந்த ராஷியைக் குறுக்கு விசாரணை செய்யும் தோசஃபோத் உரைகள். ராஷியின் சொந்தப் பேரர்களே அவரை மறுக்கிறார்கள், அதே பக்கத்தில்! இந்த அமைப்பிலே தால்முத் முழுவதையும் 1520க்கும் 1523க்கும் இடையே வெனிசு நகரில் அச்சிட்டவர் டேனியல் பொம்பர்க் என்ற கிறித்தவர். அச்சிட்ட முப்பதாண்டுக்குள், 1553இல், உரோமாபுரியின் காம்போ தே ஃபியோரி சதுக்கத்திலே அந்நூலைக் குவித்துக் கொளுத்தினர். அதற்கு முன்பே பாரிசில் 1240இல் தால்முதை அவையேற்றி விசாரித்து, சில ஆண்டுகளில் வண்டி வண்டியாக எரித்ததும் உண்டு.

இனிப் பலநூறு ஆண்டுகளைத் தாண்டி, அதே பாரிசுக்கே வருவோம். நூல் எரிந்த நகரிலே அந்நூலின் வாசனை புதிய தத்துவமாக எழுந்த கதை இது.

இம்மானுவேல் லெவினாஸ் 1906இல் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் பிறந்தவர். பிரான்சு சென்று தத்துவம் பயின்றார். ஜெர்மனியின் ஃபிரைபர்க்கிலே ஹைடெக்கரிடம் பாடம் கேட்டு வியந்தார். அந்த ஹைடெக்கர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். லெவினாஸ் பிரெஞ்சுப் படைவீரராகச் சிறைப்பட்டு, 1940 முதல் 1945 வரை ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்தார். படையின் சீருடை அவர் உயிரைக் காத்தது. லிதுவேனியாவில் பெற்றோரும் உடன்பிறந்தாரும் கொல்லப்பட்டனர். வேலைக்குச் சென்று திரும்பும் யூதக் கைதிகளை வழியிலே போவோர் வருவோர் மனிதராகவே பார்க்கவில்லை. முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு தெருநாய் மட்டும் அவர்களைக் கண்டு வாலாட்டி மகிழ்ந்தது என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

அவர் விடுதலையாகி வந்து கேட்ட கேள்வி கூர்மையானது. எல்லாவற்றையும் ஒரே முழுமைக்குள் அடக்கி, ஒரே அறிவாலே அளந்துவிடலாம் என்ற ஐரோப்பியத் தத்துவத்தின் பேராசையிலே ஏதோ வன்முறை ஒளிந்திருக்கவில்லையா? என் எதிரே நிற்கும் மற்றொரு மனிதரின் முகம் எந்தக் கணக்கிலும் அடங்காதது. அந்த முகத்துக்கு நான் கடமைப்பட்டவன். அறிவுக்கு முன்பே அறம் வருகிறது என்றார். 1961இல் வெளியான முழுமையும் முடிவிலியும் என்ற நூல் இதையே விரிவாகப் பேசுகிறது. இன்னொரு புறம் யூத ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் தலைவராக அமர்ந்து, அறிஞர் மாநாடுகளிலே தால்முதின் பகுதிகளை எடுத்துத் தத்துவ மொழியில் விளக்கினார்.

ழாக் தெரிதாவின் வழி வேறு. 1930இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். அல்ஜீரிய யூதர்களுக்கு 1870இல் வழங்கிய பிரெஞ்சுக் குடியுரிமையை விஷி அரசு 1940இல் பறித்தது. பள்ளிகளிலே யூதப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. 1942இல் பள்ளி திறந்த வேளை, பன்னிரண்டு வயதுத் தெரிதா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அல்ஜீரிய மண்ணிலே அப்போது ஜெர்மன் ஆதிக்கம் இல்லை. பிரெஞ்சு அலுவலர்களே தம் கையால் செய்த வேலை அது. நான் பள்ளி ஆசிரியன். வருகைப் பதிவேட்டிலே ஒரு பெயரின்மீது கோடு இழுப்பது எவ்வளவு எளிது என்பதை அறிந்தவன். அந்தக் கோட்டை இழுத்த ஆசிரியர் மறுநிமிடம் பாடத்தைத் தொடங்கியிருப்பார் என்று எண்ணும்போதுதான் நெஞ்சு நடுங்குகிறது.

அந்தச் சிறுவர் வளர்ந்து, 1967இல் மூன்று நூல்களை ஒருசேர வெளியிட்டார். எழுத்துக்கு அப்பால் நின்று அதன் பொருளுக்கு உறுதிகூறும் ஆசிரியரும் இல்லை, ஆண்டவனும் இல்லை. சொல் சொல்லைத் தொட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நூல் எதை அடக்கி வைத்ததோ அதுவே நூலைக் குலைக்கிறது என்று காட்டினார். கட்டுடைப்பு என்று அம்முறைக்குப் பெயர். அம்மூன்றில் ஒரு நூலிலே லெவினாசைப் பற்றி நீண்ட கட்டுரை உண்டு. எகிப்திலிருந்து வெளியேறிய யூதக் கவிஞர் எட்மண்ட் ஜாபேசைப் பற்றியும் உண்டு. நூலின் முடிவிலே தம் பெயரையே சற்றுத் திரித்து, கற்பனை ரபி ஒருவரின் பெயராக்கிக் கையொப்பமிட்டார். 1979இல் லியோதார், அனைத்தையும் விளக்கிவிடுவதாகக் கூறும் பெருங்கதைகளின்மீது நம்பிக்கை தளர்ந்த நிலையே பின்நவீனத்துவம் என்று வரையறுத்தார். 1982இல் சூசன் ஹேண்டல்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஃபிராய்டு முதல் தெரிதா வரை நீளும் இந்த வாசிப்பு முறை ரபிகளின் பழைய முறையே புது உடை உடுத்தி வந்தது என்று ஒரு நூலே எழுதிவிட்டார்.

உடன்பாடா? பாதி உடன்பாடு. தெரிதா தால்முத் கற்றுத் தேர்ந்தவர் அல்லர். எபிரேயமும் அவருக்கு நன்கு தெரியாது. தந்தை வழி, தாய் வழி என்று தத்துவத்துக்குக் குலமுறை கிளத்துவது எனக்கு உவப்பான வேலையும் அன்று. இன்னொன்றும் உண்டு. ரபிகளின் பள்ளியிலே பொருள் பல. ஆயினும் மாலையிலே வாக்கெடுப்பு உண்டு. அந்த அடுப்பிலே நாளை ரொட்டி சுடலாமா, கூடாதா என்று வீட்டிலே ஒருத்தி காத்திருக்கிறாள். தெரிதாவின் வழியிலோ தீர்ப்பு என்றும் தள்ளிப்போகிறது. தள்ளிப்போடுவோர்க்கு அடுப்படி வேலை இல்லை போலும்!

பகுத்தறிவை நம்பும் நமக்கு இங்கே ஓர் அச்சம் எழுவது இயல்பு. எல்லாம் வாசிப்பே எனில், பொய்யும் ஒரு வாசிப்பாகிவிடாதா? இது வெறுங்கற்பனையன்று. லியோன் நகரப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த ராபர்ட் ஃபோரிசான், நாஜிகளின் நச்சுவாயுக் கூடங்கள் இருந்ததே இல்லை என்று 1970களின் இறுதியிலே எழுதத் துணிந்தார். கூடத்தினுள்ளே இறந்ததைக் கண்டவர் வந்து சொல்லட்டும் என்றது அவர் வாதத்தின் சாரம். கண்டவர் இறந்தார், இறந்தவர் எங்ஙனம் வந்து சொல்வார்? இந்தக் கொடிய கண்ணியையே லியோதார் 1983இல் தம் நூலுக்குத் தொடக்கமாக எடுத்துக்கொண்டார். வரலாற்றாசிரியர் பியேர் விடால் நகே வேறு வழி சென்றார். அவர் தாயும் தந்தையும் ஆஷ்விட்சில் மடிந்தவர்கள். அவரோ கண்ணீரைக் காட்டவில்லை, ஆவணத்தைக் காட்டினார். நாள் எது, கடிதம் எது, எழுதியவன் யார், அவன் எந்தச் சொல்லை எதற்கு மறைபெயராகப் பயன்படுத்தினான் என்று வரிவரியாகப் பொய்யைப் பிரித்தெடுத்தார். ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஃபோரிசான் பல பொருள் பேசிய பின்நவீனர் அல்லர். இலக்கியத்தில் ஒரு நூலுக்கு ஒரே பொருள்தான் உண்டு என்று அடம்பிடித்தவர்! எனவே பன்மையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துமுன் சற்று நிதானம் வேண்டும். ஆயினும் பொய்யை வீழ்த்தியது கட்டுடைப்பு அன்று, சான்று.

சான்று கேட்கும் அந்த வழிக்கு யூதரிடையே ஒரு மூதாதை உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்பினோசா. மறைநூலை எழுதியவர் யார், எக்காலத்தில், எம்மொழியில், யாருக்காக, பின்னர் எவர் கைகளில் சிக்கி வந்தது என்று மற்ற நூல்களை ஆராய்வது போலவே ஆராய வேண்டும் என்றார். ஐந்தாகமங்களையும் மோசே எழுதியிருக்க முடியாது என்று வாதிட்டார். நூலின் பொருள் வேறு, அது கூறுவது உண்மையா என்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். இவற்றையெல்லாம் தாங்கிய நூல் 1670இல் பெயரின்றி, பொய்யான ஊர்ப்பெயருடன் வெளிவந்தது. 1674இல் ஹாலந்து அரசு அதைத் தடைசெய்தது. சொல்லைத் திருகிப் பொருள் காணும் ரபிகளின் கலையை அவர் ஏற்கவே இல்லை. வானத்தை வென்ற அந்த அவையையும் எதிர்த்து நின்றவர் அவர்!

அவை என்ன செய்தது? நூல் வருவதற்கு வெகு முன்பே, 1656 சூலை 27ஆம் நாள், இருபத்து மூன்று வயது இளைஞராக இருந்தபோதே அவரைச் சமூகத்தை விட்டு விலக்கிற்று. சாபங்கள் அடுக்கிய அந்த ஆணையிலே ஒரு விதி: அவரோடு எவரும் பேசலாகாது, ஒரே கூரையின்கீழ் தங்கலாகாது, நான்கு முழத்துக்குள் நெருங்கலாகாது.

நான்கு முழம்! இந்த அளவு எங்கிருந்து வந்தது? அடுப்பு வழக்குக்கே திரும்ப வேண்டும். புதிய தத்துவத்தின் ஆர்வலர் பலர் கடவுள் சிரித்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். மூலம் அங்கே நிற்கவில்லை.

வழக்கு முடிந்த அன்றே, எலியேசர் தூயவை எனத் தீர்ப்பளித்த பொருள்களையெல்லாம் கொணர்ந்து தீயிலிட்டனர். வாக்கெடுத்து அவரை விலக்கி வைத்தனர். யார் போய்ச் சொல்வது? தகுதியற்ற ஒருவர் சென்று புண்படச் சொல்லிவிட்டால் உலகே அழியும் என அஞ்சி, மாணவர் அக்கீபா தாமே சென்றார். கறுப்புடை உடுத்து, கறுப்பு போர்த்து, ஆசிரியருக்கு நான்கு முழம் தள்ளி அமர்ந்தார். இன்று ஏன் இந்தக் கோலம் என்று ஆசிரியர் கேட்க, தோழர்கள் உங்களை விட்டு விலகுகிறார்கள் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார். எலியேசர் ஆடையைக் கிழித்தார்; செருப்பைக் கழற்றினார்; தரையிலே அமர்ந்து கண்ணீர் உகுத்தார்.

அவர் மனைவி இம்மா ஷாலோம். தால்முதிலே பெயர் பெற்று நிற்கும் மிகச் சில பெண்களுள் ஒருவர். விலக்கு ஆணைக்குத் தலைமை தாங்கிய கமாலியேலின் உடன்பிறந்தவர். அந்த அவையிலே அவருக்கு இருக்கை இல்லை, வாக்கும் இல்லை. விளைவு மட்டும் அவர் வீட்டுக்கு வந்தது. கணவர் முகங்குப்புற விழுந்து மனம் நொந்து முறையிட்டால் தம் உடன்பிறந்தார் மடிவார் என்று அஞ்சி, நாள்தோறும் அவரை விழவிடாமல் தடுத்து வந்தார். ஒருநாள் வாசலிலே ஓர் ஏழை வந்து நின்றார். ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினார் இம்மா ஷாலோம். அதற்குள் கணவர் விழுந்துவிட்டார். எழுந்திருங்கள், என் உடன்பிறந்தாரைக் கொன்றுவிட்டீர்கள் என்றார். அவ்வேளையிலே கமாலியேல் வீட்டிலிருந்து சாவை அறிவிக்கும் கொம்பு ஊதிற்று. எவ்வாறு அறிந்தாய் என்று கேட்டார் கணவர். எல்லா வாயிலும் அடைபடலாம், சொல்லால் புண்பட்டவர் முறையிடும் வாயில் அடைபடுவதில்லை என்பது எங்கள் பாட்டனார் வீட்டு வழக்கு என்றார் அந்தப் பெண்.

தால்முதைத் தொகுத்தவர்கள் இந்தக் கதையைத் தூய்மை பற்றிய பகுதியில் வைக்கவில்லை. உரை காணும் முறை பற்றிய பகுதியிலும் வைக்கவில்லை. வாங்கல் விற்றலில் ஏமாற்றுவது குற்றமாவது போலவே, சொல்லால் ஒருவரை நோகச் செய்வதும் குற்றம் என்னும் சட்டத்தின் கீழே வைத்தார்கள். நான் ஏட்டைப் பன்முறை திருப்பிப் பார்த்தது இந்த இடத்தைத்தான். அவை வென்றது சரி. வென்ற அவை என்ன செய்தது என்பதையும் அதே அவையின் வழிவந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இயல்பாலே நான் ஸ்பினோசாவின் கட்சி. ஆயினும் தன் தவறைத் தன் ஏட்டிலேயே பொறிக்கும் இந்தப் பழக்கத்தை எந்தக் கட்சியிடம் கற்றால் என்ன?

எலியேசரின் முடிவு வேறொரு பகுதியிலே, சன்கெத்ரின் என்ற ஏட்டிலே வருகிறது. ஓய்வுநாளுக்கு முந்திய மாலை. அவர் நோயுற்றுக் கிடந்தார். அக்கீபாவும் தோழர்களும் வந்து, அப்போதும் நான்கு முழம் தள்ளியே அமர்ந்தனர். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். கற்க வந்தோம் என்றனர். இத்தனை நாள் ஏன் வரவில்லை? நேரம் இல்லை என்றனர். தம் இரு கைகளையும் மார்பிலே வைத்து, இவை சுருட்டி மூடப்போகும் இரு சுருள்கள் என்று புலம்பினார் எலியேசர். ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் முந்நூறு சட்டங்கள் தமக்குத் தெரியும், கேட்க ஒருவரும் வரவில்லையே என்றார். பிறகு அவர்கள் கேட்டார்கள். அவர் விடை சொன்னார். தோற்பந்து தீட்டுப்படுமா, தாயத்து தீட்டுப்படுமா? கடைசியாக, தைத்து முடிந்து இன்னும் அச்சிலேயே இருக்கும் செருப்பைப் பற்றிக் கேட்டார்கள். தூயது என்றார். அந்தச் சொல்லோடு உயிர் பிரிந்தது.

யோசுவா, அன்று விண்குரலை எதிர்த்து எழுந்த அதே யோசுவா, எழுந்து நின்று, விலக்கு நீங்கிற்று என்று இருமுறை அறிவித்தார்.